வடிவு வீட்டுக்கு ஒரு டிவி

“எல்லாத்தையும் விட்டுட்டேன் சாமி. ஒண்ணும் கிடைக்கல” என்றார் ஆவுடையப்பன்.

தம்பிச்சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எதை எல்லாம் விட்டீரு?”

“வேலையை விட்டேன். வீட்டை விட்டேன். வடிவை விட்டேன்.”

“வடிவு யாரு?”

“என் சம்சாரம் சாமி. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். அவங்க பேரு எத்தனாவதா வருதுன்னு பாத்தேன்.”



மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். தம்பிச்சாமி சின்ன வயதிலேயே அதன் பொறுப்புக்கு வந்தவர், அதனால் அந்தப் பெயர். சீடர் ஆவுடையப்பனுக்கு அவரைவிட வயது அதிகம். பென்ஷன் வாங்கும் மனிதர் ஒரு பொடியன் காலைக் கழுவுகிறாரே என்று அடிவாரத்து டீக்கடையில் சிரிப்பார்கள். ஆவுடையப்பன் அதற்கு வருத்தப்பட்டதில்லை. அவர் வருத்தம் வேறு.

அந்த மடத்தில் உபதேசம் என்பது ஒரே ஒரு சொல். குரு காதில் சொல்வார். சொன்னபிறகுதான் ஒருவர் உண்மையான சீடர். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. பால் ஊற்ற வருகிறவருக்குக்கூடச் சொல்லியாயிற்று.

ஆவுடையப்பனுக்கு மட்டும் இல்லை.

“எனக்கு எப்ப சாமி?”

“கீரையைக் கழுவிட்டு வாரும்.”

கழுவிக்கொண்டு வந்தார்.

“உம்ம சம்சாரத்துக்குக் கண்ணு மங்கிட்டு வருதாமே” என்றார் தம்பிச்சாமி. “உம்ம தெருவுக்காரி ஒருத்தி வந்திருந்தப்போ சொன்னா. மூக்கு இடிக்கிற மாதிரி உக்காந்து டிவி பாக்காங்களாம்.”

“நானும் கேட்டுக்கிட்டுதான் சாமி இருந்தேன்.”

“கேட்டு?”

“பிரார்த்தனை பண்ணினேன்.”

தம்பிச்சாமி கீரைக் காம்புகளைக் கூட்டி அள்ளினார். மாட்டுக்குப் போட எழுந்தார். போகிற வழியில் கூடத்தைக் காட்டினார்.

கூடத்தில் ஒரு டிவி நின்றது. அரிசி ஆலைக்காரர் ஒருவர் காணிக்கையாக அனுப்பியது. கதவைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்ததுபோல அத்தனை பெரிசு. கூட்டத்தில் பின்னால் இருப்பவர்களுக்கும் சாமி முகம் தெரியவேண்டும் என்பது அவர் ஆசை.

“என் மூஞ்சி இவ்வளவு பெருசா யாருக்கு வேணும்? கொண்டுபோய் அவங்ககிட்டக் குடும்.”

“யாருகிட்ட?”

“வடிவுகிட்ட.”

ஆவுடையப்பனின் முகம் சுண்டியது.

“நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்னு சங்கல்பம் பண்ணிட்டு வந்தவன் சாமி.”

“சரி. அப்ப வேண்டாம்.”

தம்பிச்சாமி இரண்டு எட்டு வைத்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்.

“உடையாமக் கொண்டுபோய்ச் சேத்தீருன்னா, அந்த இடத்துலயே உபதேசம்.”

ஆவுடையப்பனுக்குச் சங்கல்பம் மறந்துபோயிற்று.

*

மறுநாள் காலையிலேயே அவர் கடைத்தெருவுக்குப் போனார். டிவி விற்கிற கடையில் போய்ப் பணிவாக நின்றார். விற்பனைப் பையன்கள் சொன்னதையெல்லாம் மந்திரம்போல வாங்கிக்கொண்டார்.

நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். படுக்க வைத்தால் நடுவில் வளையும். வளைந்தால் விரியும்.

கண்ணாடிமேல் கயிறு போகக்கூடாது. பக்கத்தில் கனமான பண்டம் எதுவும் இருக்கக்கூடாது. கண்ணாடியில் கைவிரல் அழுந்தக்கூடாது. இந்தக் காலத்து டிவிகளுக்கு ஓரச்சட்டம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. எல்லாம் கண்ணாடிதான்.

“வந்த அட்டைப்பெட்டி இருக்குல்ல, அதுலயே வச்சுக் கொண்டுபோயிருங்க சார். அதான் நல்லது.”

அட்டைப்பெட்டி இல்லை. விறகு நனைகிறது என்று அதைக் கிழித்து மூடியிருந்தார்கள். கிழித்தவர் ஆவுடையப்பன்.

மடத்தில் இருந்த கம்பளி அத்தனையும் சேர்த்தார். தன் படுக்கையை எடுத்தார். குருவின் படுக்கையையும் எடுத்தார்.

“இன்னைக்கு ராத்திரி நான் எதுல படுக்க?” என்றார் தம்பிச்சாமி.

“ஒரு நாள்தானே சாமி.”

அவர் வாயில் முணுமுணுப்பு ஓடிக்கொண்டே இருந்தது. நிற்க வைக்கணும், படுக்க வைக்கக் கூடாது. நிற்க வைக்கணும், படுக்க வைக்கக் கூடாது. மாலை ஜபத்தில்கூட அதுதான் வந்தது.

அடுத்த நாள் காலையில் வண்டி வந்தது. குட்டியானை என்பார்களே, பின்னால் திறந்த தொட்டி உள்ள சின்ன வண்டி. ஓட்டி வந்தவன் பெயர் இசக்கி. இறங்கினதும் டிவியைப் பார்த்து விசில் அடித்தான்.

“யாத்தே! இதுல படம் பாத்தா நடிகன் நம்ம வீட்டுக்குள்ள குடிவந்துருவானே அண்ணாச்சி.”

“தொடாதே” என்றார் ஆவுடையப்பன்.

“நான் எங்க தொட்டேன்? பாக்கத்தானே செஞ்சேன்.”

“தள்ளி நின்னு பாரு.”

நல்ல காரியம் என்று கிளம்பும்போது செய்யவேண்டியதை எல்லாம் அவர் குறையில்லாமல் செய்தார். வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். சூடம் ஏற்றிக் காட்டினார். வண்டி முகப்புக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார்.

பிறகு டிவியின் முன்னால் வந்து நின்றார். புதுச் சாமான். முதல்முதலாக ஒரு வீட்டுக்குப் போகிறது. அதற்கும் வைக்க வேண்டும்.

எங்கே வைப்பது? பீரோவுக்கு நெற்றி உண்டு. மோட்டாருக்குக்கூட உண்டு. இதற்கு நான்கு பக்கமும் தேடினார். ஓரச்சட்டம் நகத்தின் அகலம்கூட இல்லை.

கண்ணாடியிலேயே உயரத்தில், நெற்றி இருக்கவேண்டிய இடத்தில், சந்தனத்தை வைத்தார். கண்களை மூடிக்கொண்டார். உபதேசம் கிடைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே, அதன்மேல் குங்குமத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

நன்றாகவே அழுத்தினார்.

பல்லி நாக்கைச் சொடுக்கியதுபோல ஒரு சத்தம்.

“நல்ல சகுனம்” என்றார் ஆவுடையப்பன். சுவரை அண்ணாந்து பார்த்தார்.

தம்பிச்சாமி சுவரைப் பார்க்கவில்லை. கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு போய் வண்டியின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

“நானும் வாரேன். கிளப்பு தம்பி.”

*

ஆவுடையப்பன் தொட்டியில் இருந்தார். ஏழெட்டுக் கம்பளி சுற்றிய டிவியை நிற்கவைத்து, முதுகைத் தொட்டிச் சுவரில் முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் ஓரங்களைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாலையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் உடம்பு முதலில் இறங்கியது. டிவி பிறகு இறங்கியது. அடி எல்லாம் அவருக்கு.

“ஏ இசக்கி! மெதுவா!”

“அண்ணாச்சி, இதுக்கு மேல மெதுவாப் போனா பின்னாடி போயிருவோம்!”

“வேகத்தடை வருது பாரு!”

“பாத்துட்டேன், பாத்துட்டேன்.” இசக்கி குருவின் பக்கம் திரும்பினான். “தலப்பிரசவத்துக்குப் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறவன்கூட இப்படிப் பதறி நான் பாத்ததில்ல சாமி.”

“அவங்களுக்குப் பிள்ளை கிடையாது” என்றார் தம்பிச்சாமி.

“ஓ” என்றான் இசக்கி. அடுத்த பள்ளத்தில் வண்டியை ஊர்ந்து இறக்கினான்.

வெயில் ஏறியது. கம்பளிகள் சுட்டன. சூடு பட்டால் ஏதாவது ஆகுமோ என்று அவருக்குப் பயம் வந்தது. தோளில் கிடந்த காவித்துண்டை எடுத்து டிவிக்கு நிழல் பிடித்தார். தன் மொட்டைத்தலை வெயிலில் கிடந்து காய்ந்தது.

ஒரு ஊரில் வண்டியை நிறுத்தினார்கள். தம்பிச்சாமி இறங்கிப் பின்னால் வந்தார்.

“வாரும். மோர் குடிச்சிட்டுப் போவோம்.”

“நான் இறங்கல சாமி. எவனாவது கை வச்சிருவான்.”

“மூத்திரம் கித்திரம்?”

“அடக்கிக்கிடுதேன்.”

தம்பிச்சாமி கடைப்பக்கம் பார்த்தார்.

“வெறுங்கையோட எப்படிப் போக. உம்ம சம்சாரத்துக்கு என்ன பிடிக்கும்?”

ஆவுடையப்பன் யோசித்தார்.

“அல்வாவா?” என்றார் தம்பிச்சாமி.

“இருக்கும்.”

“சேவு?”

“அதுவும் சாப்பிடுவா. சாப்பிடுவான்னுதான் நினைக்கேன்.”

“பூ வைப்பாங்களா? பிச்சியா, மல்லியா?”

“சாமி, இது பக்கத்துல எதையும் வைக்கக் கூடாதுன்னு கடையில சொல்லியிருக்காங்க. ஏதாவது சாஞ்சு கண்ணாடியில பட்டுச்சுன்னா?”

“பிச்சிப்பூ சாஞ்சா?”

“எதுக்கு வம்பு?”

தம்பிச்சாமி மோர் குடித்தார். ஒன்றும் வாங்கவில்லை. வண்டி கிளம்பியது.

ஊருக்குள் நுழைந்ததும் இசக்கி வழி கேட்டான்.

“பெரிய கோயிலைத் தாண்டி இடது கைப்பக்கம்” என்று தொட்டியிலிருந்து கத்தினார் ஆவுடையப்பன்.

இடது பக்கம் திரும்பினார்கள். அங்கே கல்யாண மண்டபம் இருந்தது.

“வலது பக்கமா இருக்கும்.”

வலது பக்கம் போனார்கள். சந்து முட்டிக்கொண்டு நின்றது.

இசக்கி தலையை வெளியே நீட்டினான். “அண்ணாச்சி, உங்க வீடுதானா? வேற யாரு வீடும் இல்லையே?”

கடைசியில் தம்பிச்சாமி இறங்கி, குழாயடியில் நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டார்.

“வடிவக்கா வீடா? அந்த நீலக் கதவு” என்றாள் அவள். வண்டியை எட்டிப் பார்த்தாள். “யாரு வந்திருக்காகன்னு சொல்ல?”

தம்பிச்சாமி ஆவுடையப்பனைப் பார்த்தார். ஆவுடையப்பன் கம்பளி விலகிய ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

*

நீலக் கதவு திறந்தது.

வடிவு நின்றாள். கண்கள் அவர்கள் பக்கம்தான் இருந்தன. ஆனால் எதன்மேலும் நிற்கவில்லை.

“யாரு?”

“நான்தான்.”

“நான்தான்னா யாரு?”

ஆவுடையப்பன் வாசல்படியில் நின்றார். மடத்தில் விடிகாலையில் கண்ணை மூடி உட்கார்ந்து அவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற கேள்விதான் அது. அங்கேயும் அவர் பதில் கண்டதில்லை.

“ஆவுடையப்பன்” என்றார்.

வடிவு கதவைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. சாத்தவும் இல்லை.

“தண்ணி குடிக்கீகளா?” என்றாள்.

“டிவி கொண்டாந்திருக்கேன்.”

“நான் கேட்டனா?”

“உனக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னு...”

“அது தெரியாமப் போயி நாளாச்சே. யாரது, கூட யாரோ நிக்காகளே?”

“நான் தம்பிச்சாமி.”

அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

“வாங்க சாமி. உள்ள வாங்க. இடுக்கு வீடு, பாத்து வாங்க.”

டிவி உள்ளே வந்தது. நிற்கவைத்துத்தான் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் இசக்கி, ஒரு பக்கம் ஆவுடையப்பன். நிலையில் இடிக்காமல், பல்லைக் கடித்து, அங்குலம் அங்குலமாக.

“எப்படிக் கொண்டாந்தேன் தெரியுமா வடிவு?” ஆவுடையப்பனுக்கு மூச்சு இரைத்தது. “வழி முழுக்க மடியில வச்சு. படுக்க வைக்கல. ஒரு கயிறு போடல. தண்ணிகூடக் குடிக்கல.”

வடிவு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அலுங்காமக் கொண்டாரத் தெரிஞ்சிருக்கு” என்றாள்.

பழைய டிவி ஒரு ஸ்டூலில் இருந்தது. அதற்கு ஒரு சாண் எட்டத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியின் முன்கால்கள் உரசித் தரையில் பள்ளம் விழுந்திருந்தது. இசக்கி பழையதை எடுத்துக் கீழே வைத்தான். மூலையில் கிடந்த மேசையைச் சுவர்ப்பக்கம் நகர்த்திப் புதியதை நிறுத்தினான். கேபிள் பெட்டியின் ஒயரை இதில் சொருகினான்.

வடிவு நாற்காலியை இழுத்துப் பின்னால் போட்டாள். யோசித்தாள். இன்னும் கொஞ்சம் பின்னால் போட்டாள்.

“பெருசுங்கீகளே. தள்ளி உக்காந்தாத் தெரியுமா தம்பி?”

“தெருவுல நின்னாக்கூடத் தெரியும்க்கா.”

“மனுச மூஞ்சி பாத்து எவ்வளவு நாளாச்சு” என்றாள். “எல்லாருக்கும் வெறும் குரலாத்தான் இருக்கு. செய்தி வாசிக்கிறவ பொட்டு வச்சிருக்காளா இல்லையான்னுகூடத் தெரியல.”

உட்கார்ந்தாள். கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பந்தியில் இலை போடக் காத்திருக்கிறவள்போல நிமிர்ந்து இருந்தாள்.

ஆவுடையப்பன் கடைசிக் கம்பளியை உருவினார். கீறல் இல்லை. கீழே ஒரு ஓரம்கூட நசுங்கவில்லை. சந்தனமும் குங்குமமும் வைத்தபடியே இருந்தன. குருவின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். காதை லேசாகச் சாய்த்துக்கூட வைத்துக்கொண்டார்.

“போடு இசக்கி.”

இசக்கி பொத்தானை அமுக்கினான்.

குரல் வந்தது. யாரோ ஒரு பெண் மழையைப் பற்றிப் பேசினாள்.

படம் வரவில்லை. பொட்டு இருந்த இடத்திலிருந்து கறுப்பு மை கொட்டியதுபோல ஒரு கறை இறங்கியிருந்தது. கறையிலிருந்து வெள்ளை, பச்சை, ஊதாக் கோடுகள் கீழ்வரை ஓடின. மிஞ்சிய மூலையில் யாருடைய தோளோ ஒன்று அசைந்தது.

“அய்யய்யோ, அண்ணாச்சி” என்றான் இசக்கி.

“என்னய்யா?” என்றாள் வடிவு. “ஏதோ வெளிச்சம் அடிக்குது. படம் வந்துட்டா?”

ஆவுடையப்பன் கறையின் உச்சியைப் பார்த்தார். தன் கட்டைவிரலைப் பார்த்தார். அதில் குங்குமம் இன்னும் இருந்தது.

தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“போச்சே! போச்சே சாமி! என் உபதேசம் போச்சே!”

வடிவு மெதுவாகத் திரும்பினாள்.

“என்னது போச்சு?”

“ஒண்ணுமில்லக்கா, டிவி...” என்று இசக்கி ஆரம்பித்தான்.

“டிவியச் சொல்லலையே. உபதேசம்னுல்லா அழுதாக?”

தம்பிச்சாமி சொன்னார். ஒளிக்காமல் சொன்னார். டிவியை உடையாமல் கொண்டுவந்து சேர்த்தால் இங்கேயே உபதேசம் என்று தான் சொல்லியிருந்ததைச் சொன்னார்.

“அதுக்குத்தான் வந்தாகளா?” என்றாள்.



ஆவுடையப்பன் குருவின்மேல் பாய்ந்தார். இத்தனை காலத்தில் முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

“நான் பொட்டு வச்சப்போ பாத்துக்கிட்டுதானே இருந்தீரு! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“பாத்துக்கிட்டுதான் இருந்தேன்” என்றார் தம்பிச்சாமி. “நீரு இவங்களை விட்டுட்டு மடத்துக்கு வந்தப்பவும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அன்னைக்கும் ஒரு வார்த்தை சொல்லல.”

செய்திப் பெண் மழையை முடித்துவிட்டு விலைவாசிக்கு வந்திருந்தாள்.

வடிவு எழுந்தாள்.

“ஏன் சாமி, உடைஞ்சிருக்கா இல்லையான்னு யாரு பாத்துச் சொல்லணும்?”

தம்பிச்சாமி அவளைப் பார்த்தார்.

“வாங்கிக்கிடுறவங்கதான் சொல்லணும்.”

“அப்ப நான்தான்.”

கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள். மேசை விளிம்பு தட்டுப்பட்டது. குனிந்தாள். மூக்கு கண்ணாடியில் முட்டுகிற வரைக்கும் குனிந்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முகத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். கோடுகளின் பச்சையும் ஊதாவும் அவள் கன்னத்தில் ஏறி இறங்கின. நெற்றியில் குங்குமம் ஒட்டிக்கொண்டது.

நிமிர்ந்தாள்.

“நல்லா இருக்கு சாமி. ஒரு பழுது கிடையாது. அவ அழகா ஒரு பொட்டு வச்சிருக்கா.”

இசக்கி வாயைத் திறந்தான். தம்பிச்சாமி அவன் தோளில் கை வைத்தார்.

“உடையாம வந்து சேந்துட்டு” என்றாள் வடிவு. “அவுகளுக்குக் குடுக்க வேண்டியதக் குடுத்து, கூட்டிட்டுப் போயிருங்க.”

பின்னால் நடந்துவந்து நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்தாள். உட்கார்ந்தாள்.

ஆவுடையப்பன் தரையிலிருந்து எழுந்தார்.

“வடிவு” என்றார்.

அவள் முகம் டிவியின் பக்கமே இருந்தது.

“தம்பி, கிளம்புறதுக்கு முன்னாடி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சிட்டுப் போப்பா.”